குறும்பதிவும் செக்கிங் டேபிளும்

"ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?" என்று நம் பாட்டிமார் கேட்பதுண்டு. அவர்கள் காலத்தில் ஊர் வாய் என்பது தெருக்குழாயடி, வீட்டுத் திண்ணை, வாரச் சந்தை ஆகியவற்றோடு முடிந்துவிட்டது. இன்றோ அந்த வாய் ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஓரிரு வரிகளில் தம் கருத்தை எழுதி, ஒரு நொடியில் உலகுக்கே காட்டிவிட வழிசெய்யும் இடங்களைக் குறும்பதிவுத் தளங்கள் என்கிறோம். 'ட்விட்டர்' என்று பிறந்து 2023 ஜூலையில் 'எக்ஸ்' எனப் பெயர் மாறிய தளம் இவற்றுள் மூத்தது. த்ரெட்ஸ், புளூஸ்கை, மாஸ்டடான் முதலியன அதன் வழி வந்தவை.

பனியன் தைக்கும் ஊருக்கு இதில் என்ன வேலை என்று பெற்றோர் கேட்கலாம். நிறைய உண்டு என்பதே எங்கள் கருத்து. நம் ஊரின் பேச்சையும் பிழைப்பையும் இக்குறும்பதிவுகள் தொட்டுவிட்டன. சில வேளை தூக்கியும் விட்டிருக்கின்றன. சில வேளை உலுக்கியும் விட்டிருக்கின்றன. இக்கருத்துக்கு நாங்கள் புத்தகம் படித்து வரவில்லை. ஒரு தவறு செய்துவிட்டு வந்தோம். அத்தவற்றைப் பின்னர் மறைக்காமல் சொல்வோம். முதலில் இத்தளங்களின் இயல்பைப் பார்ப்போம்.

சுருக்கம் புதிதன்று

சுருங்கச் சொல்வது நமக்குப் புதிய பழக்கமா? இல்லை. வள்ளுவர் ஏழே சீர்களில் உலகை அடக்கினார். நம் தாத்தாமார் காலத்தில் வெளியூர் வியாபாரம் கடிதத்திலும் தந்தியிலும் நடந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆதலால் வேண்டாத சொல்லை வெட்டிவிட்டு எழுதினார்கள். 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் தந்தியின் சுருக்கம் அதற்கு முன்பே கைபேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

2006 மார்ச் 21 அன்று அமெரிக்காவில் ஜாக் டார்சி என்பவர் ட்விட்டரில் முதற் பதிவை இட்டார். ஒரு பதிவுக்கு 140 எழுத்தே எல்லை. ஏன் 140? கைபேசிக் குறுஞ்செய்தியின் எல்லை 160 எழுத்து. அதில் 20 எழுத்தை எழுதுபவர் பெயருக்கென ஒதுக்கியபின் மிஞ்சியது 140. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர், ஒரே பொருளைப் பற்றிய பதிவுகளை ஒரு குறியிட்ட சொல்லால் கோக்கலாம் என்று யோசனை சொன்னார். 'ஹேஷ்டேக்' என்று இன்று சிறு பிள்ளைகளும் சொல்வது அதுதான். 2017 நவம்பரில் எல்லை 280 எழுத்தாக உயர்ந்தது.

இவற்றைவிடப் பெரிய மாறுதல் 2009-இல் வந்தது. பிறர் எழுதியதை ஒரே தட்டலில் தம்மைத் தொடர்வோர் அனைவருக்கும் அனுப்பிவிடும் மறுபதிவுப் பொத்தான் அவ்வாண்டில்தான் சேர்ந்தது. அதற்கு முன் பிறர் எழுத்தைப் பரப்ப விரும்பியவர் அதை நகலெடுத்து, ஒட்டி, பெயர் சேர்த்து அனுப்ப வேண்டும். அந்தச் சில நொடிகளில் ஒருமுறையேனும் படித்துப் பார்ப்பார். பொத்தான் வந்தபின் அந்தச் சில நொடிகளும் போயின. அப்பொத்தானை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்த கிறிஸ் வெதரெல் என்பவரே, பத்தாண்டுகள் கழித்து 2019-இல், அதை எண்ணி வருந்தினார்.

தந்திக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். தந்தியை ஒருவர் எழுதினார், ஒருவர் பெற்றார். எழுதியவர் பெயரும் முகவரியும் தந்தி ஆபீசில் இருந்தன. குறும்பதிவையோ ஒருவர் எழுதுகிறார், ஓராயிரம் பேர் பெறுகின்றனர். எழுதியவர் யார், எவ்வூர் என்று பெறுபவர் கேட்பதில்லை. பெற்ற ஒவ்வொருவரும் மறுநொடியே அனுப்புநராகவும் ஆகிவிடலாம்.

தமிழுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. 'திருப்பூர்' என்பது நமக்கு ஐந்தெழுத்து. தி, ரு, ப், பூ, ர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் கணினியின் யூனிகோடு முறையில் மெய்யின் புள்ளிக்கும் உயிரின் குறிக்கும் தனித்தனி இடம். எனவே தளம் அதைப் பத்தாக எண்ணுகிறது. ஒற்றும் உயிர்மெய்யும் மிகுந்த நம் மொழிக்கு 280 இடம் விரைவில் தீர்ந்துவிடும். அப்போது எந்தச் சொற்கள் முதலில் வெட்டுப்படுகின்றன? 'சென்ற மாதம்', 'வேறு ஊரில்', 'என்று சொல்கிறார்கள்', 'உறுதியாகத் தெரியவில்லை' என்பன போன்ற சொற்களே. அதாவது காலமும், இடமும், ஐயமும் முதலில் போகின்றன. எஞ்சி நிற்பது சினம் மட்டுமே.

நன்மையை மறைக்கலாகாது

இவ்வளவும் சொன்னதால் குறும்பதிவு முற்றும் தீயது என்று யாரும் கொள்ள வேண்டா. 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, எந்தத் தெருவில் யார் மாட்டிக்கொண்டார்கள், எங்கே படகு வேண்டும், எந்த வீட்டில் உணவும் தங்க இடமும் கிடைக்கும் என்ற செய்திகளை ஹேஷ்டேக் ஒன்றின் கீழ்க் கோத்து, முன்பின் அறியாதவர்களே ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். சுரேஷ் பிரபு இரயில்வே அமைச்சராக இருந்த 2014 முதல் 2017 வரையிலான ஆண்டுகளில், ஓடும் இரயிலிலிருந்து பயணிகள் இட்ட குறும்பதிவுகளுக்கு அடுத்த நிலையத்திலேயே உதவி கிடைத்த நிகழ்ச்சிகள் பல. மனு எழுதத் தெரியாதவரும் இரண்டு வரி எழுதி அதிகாரியின் காதில் போட முடிந்தது சிறிய செய்தியன்று.

நம் தொழிலைத் தொட்ட ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்கு அருகில் ரானா பிளாசா என்ற கட்டடம் இடிந்து விழுந்தது. அதில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள். அதன்பின் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஃபேஷன் ரெவல்யூஷன்' என்னும் இயக்கம், "என் ஆடையைத் தைத்தவர் யார்?" என்ற கேள்வியை ஹேஷ்டேக் ஆக்கியது. ஆடை வாங்கியவர்கள் சட்டையின் கழுத்துப் பட்டியைப் படமெடுத்துப் போட்டு, கம்பெனியைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். பல நாடுகளில் தையல் தொழிலாளர்கள், "உங்கள் ஆடையைத் தைத்தவர் நான்" என்று எழுதிய அட்டையைக் கையில் பிடித்துப் பதில் தந்தார்கள். ஓவர்லாக் மெஷினுக்கு முன்னால் குனிந்தே இருக்கும் ஒரு முகத்தைக் கடல் கடந்த ஒருவர் நிமிர்ந்து பார்க்கக் கேட்டது இந்தக் குறும்பதிவால்தான். எங்களில் பலருடைய தாய்மார் அந்த மெஷினுக்கு முன்னால் இருப்பவர்களே. ஆகவே இந்த நன்மையை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை.

2023-இல் நம் ஊர்

இனி எங்கள் தவற்றுக்கு வருவோம். 2023 ஜனவரியில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தோம். அந்த மாதத்தில் நம் ஊர் வேலம்பாளையம் பக்கம் நடந்த கைகலப்பு ஒன்றின் வீடியோ எல்லோர் கைபேசியிலும் ஓடியது. வடமாநிலத் தொழிலாளர் சிலர் தமிழரை விரட்டுவது போன்ற காட்சி. அதன் மேல் எழுதியிருந்த வரிகளைப் படித்தால் ஊரையே யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று தோன்றும். தேநீர்க் கடையருகே சிலருக்குள் மூண்ட தகராறு அது, நடந்து பல நாள் ஆயிற்று, என்று போலீசார் பின்னர் விளக்கினார்கள். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. அதை அனுப்பியவர்களில் நாங்களும் இருந்தோம். அம்மாவின் கைபேசியிலிருந்து, அத்தை வீட்டுக்கும் மாமா வீட்டுக்கும், கோபமான ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினோம்.

எங்களுள் ஒருத்தியின் தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். மகள் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "ஏங் கண்ணு, இது எப்ப நடந்துச்சு? எதுக்கு நடந்துச்சு? ஒண்ணுந் தெரியாமயா அனுப்புனே? நாங்க ஒரு பீஸைக்கூட உள்ளும் புறமும் திருப்பிப் பாக்காம பேக்கிங்குக்கு விடறதில்லையே!"

அப்போது நாங்கள் சிரித்துவிட்டோம். மார்ச்சு மாதம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச்சு முதல் வாரத்தில் வேறு வீடியோக்கள் வேறு மொழியில் பரவின. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று இந்தியில் எழுதிய பதிவுகள் ட்விட்டரில் இலட்சக்கணக்கானோர் கண்ணில் பட்டன. இந்தி பேசியதற்காகப் பன்னிரண்டு பேர் தூக்கிலிடப்பட்டதாகவும் ஒரு பதிவு சொன்னது. பீகார் சட்டமன்றத்தில் அமளி ஏற்பட்டது. உண்மை என்ன? பரவிய வீடியோக்களில் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர் இரு குழுவினர் தமக்குள் மோதிக்கொண்டது. மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் தமக்குள் மோதிக்கொண்டது. இரண்டும் முன்பே நடந்தவை என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். இன்னொரு வீடியோ இராஜஸ்தானில் ஜோத்பூர் நகரில் நடந்த ஒரு கொலையின் காட்சி. தமிழ்நாட்டுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

எங்கள் வகுப்பில் பீகாரில் பிறந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவள் தந்தை இங்கே கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். ஊரிலிருந்து அவளுடைய பாட்டி இரவெல்லாம் போன் செய்து அழுதாராம். "உயிரோடு இருக்கிறீர்களா? உடனே வந்துவிடுங்கள்" என்பதே அவருடைய பேச்சு. அந்த வாரம் அவள் பெஞ்சு காலியாக இருந்தது. இரயில் நிலையத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. மார்ச்சு 8 ஹோலிப் பண்டிகை. ஆதலால் வழக்கமாக ஊருக்குப் போகிறவர்களும் அக்கூட்டத்தில் இருந்தார்கள், அஞ்சிப் போகிறவர்களும் இருந்தார்கள். யார் எதற்காகப் போகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலையில், அக்கூட்டத்தின் படமே வதந்திக்குச் சாட்சியாகப் போயிற்று.

ஜனவரியில் நாங்கள் அனுப்பியதற்கும் மார்ச்சில் அவள் பாட்டிக்குப் போய்ச் சேர்ந்ததற்கும் என்ன வேறுபாடு? மொழி ஒன்றுதான். தமிழ் படிப்பவர்களுக்கு ஒரு திருப்பூரும், இந்தி படிப்பவர்களுக்கு இன்னொரு திருப்பூரும் காட்டப்பட்டன. இரண்டு ஊரிலும் 'நம்மவர்' அடிபடுகின்றனர். இரண்டு ஊரிலும் 'அவர்கள்' அடிக்கின்றனர். இரண்டு ஊரும் இல்லாத ஊர்கள். இருக்கிற திருப்பூரில் அவள் தந்தையும் எங்கள் தந்தையரும் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்ட்டில் வேலை செய்து, ஒரே கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வதந்தி எப்படி அடங்கிற்று என்பதையும் சொல்ல வேண்டும். காவல்துறை தன் மறுப்பை அதே ட்விட்டரில் வெளியிட்டது. தமிழக முதலமைச்சர் பீகார் முதலமைச்சரோடு தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு தன் ஊரக வளர்ச்சித் துறைச் செயலர் பாலமுருகன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. அக்குழுவினர் திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களை நேரில் கண்டு பேசினார்கள். மாவட்ட அதிகாரிகளும் போலீசாரும் கம்பெனிகளுக்குச் சென்று தொழிலாளரைச் சந்தித்துத் தைரியம் சொன்னார்கள். உதவி எண்களை அறிவித்தார்கள். பொய் பரப்பியவர்கள்மீது வழக்குகள் பதிவாயின. தூக்கிலிட்டதாக எழுதியவர் ஒரு வழக்கறிஞர். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிற்று.

எங்கள் தோழி திரும்பி வந்தது இவற்றால் மட்டும் அன்று. அவர்கள் குடியிருந்த வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, "எங்கயும் போவேண்டாமுங்க, நாங்க இருக்கறமில்லீங்க" என்று சொன்னாராம். அந்த ஒரு வரிக்கும் எழுத்து குறைவுதான். ஆனால் அதைச் சொன்னவரின் முகம் தெரியும், வீடு தெரியும். நாளை அவரிடம் போய், "சொன்னீர்களே" என்று கேட்க முடியும்.

நீதிபோதனை வகுப்பில் சகோதரி ஒருவர் புனித பிலிப்பு நேரியாரைப் பற்றி வழங்கும் கதை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். புறம் பேசியதாக ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணை, கோழி ஒன்றின் இறகுகளை ரோமாபுரித் தெருவெங்கும் பிய்த்துப் போடச் சொல்லி, பிறகு அவற்றைப் பொறுக்கி வரச் சொன்னாராம் அவர். திருப்பூரில் இதற்குக் கோழி வேண்டியதில்லை. நிட்டிங் கம்பெனி வாசலில் பறக்கும் பஞ்சைப் பிடித்துப் பார்த்தாலே போதும்.

பிழைப்பின் கணக்கு

வதந்தி மனத்தை மட்டுமன்றித் தொழிலையும் தொடுகிறது. நூல் வாங்கி, நிட்டிங் செய்து, சாயமேற்றி, காம்பாக்டிங் முடித்து, வெட்டி, தைத்து, செக்கிங் செய்து, அயர்ன் போட்டு, பெட்டியில் அடுக்கும் வரை ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது! பல வேளைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வோர் இடம், ஒவ்வொரு முதலாளி. இடையில் ஒரு கை நின்றால் அடுத்த கை காத்திருக்க வேண்டும். ஆண்டுக்கு முப்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் இவ்வூரின் மெஷின்களுக்கு முன் வெளிமாநிலத்தார் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருக்கின்றனர். அவர்களை இரயிலேற்றி அனுப்ப ஒரு பொய்ப் பதிவு போதுமென்றால், அப்பதிவு நம் எல்லார் வீட்டு அடுப்பையும் தொடுகிறது அன்றோ?

உண்மையான பதிவும் இவ்வூரை உலுக்கலாம். 2025 ஜூலை 30 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப், 'ட்ரூத் சோஷியல்' என்ற தம் குறும்பதிவுத் தளத்தில், இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி என்று எழுதினார். ஆகஸ்டு 6-இல் மேலும் 25 சதவீதத்துக்கு ஆணை பிறந்து, 27-ஆம் நாள் முதல் அது 50 சதவீதமாயிற்று. திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. வாங்குவோர் சிலர் ஆர்டரை நிறுத்திவைக்கச் சொன்னார்கள். சிலர் விலையைக் குறைக்கச் சொன்னார்கள். வரி நியாயமா அன்றா என்பது இங்கு நம் பொருளன்று. முன்பெல்லாம் அரசாங்கக் கெஜட்டும் செய்தித்தாளும் கொண்டு வந்த செய்தியை இன்று ஒரு தனி மனிதரின் பதிவு கொண்டு வருகிறது. அதைப் படிக்கத் தெரியாத வியாபாரி பின்தங்குவார். படித்தவுடன் பதறுகிறவரும் நட்டப்படுவார்.

இத்தளங்கள் நமக்கு இலவசமாகக் கிடைப்பது போல் தோன்றும். அவை பெரிதும் வாழ்வது விளம்பரத்தால். நாம் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ அவ்வளவு விளம்பரம். சினமும் அச்சமும் கண்ணை விரைவில் இழுக்கும். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார். அதற்கு முன் நீலக் குறி என்பது 'இவர் இன்னார்தான்' என்று சரிபார்த்ததற்கு அடையாளம். பின்னர் அது மாதப் பணம் கட்டியவருக்குக் கிடைப்பதாயிற்று. அந்த நவம்பரிலேயே, அமெரிக்க மருந்துக் கம்பெனி ஒன்றின் பெயரில் யாரோ போலிக் கணக்குத் தொடங்கி, நீலக் குறியையும் வாங்கிக்கொண்டு, 'இன்சுலின் இனி இலவசம்' என்று எழுதினார்கள். மறுநாள் அக்கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. 2023 ஜூலை முதல், பணம் கட்டியோரின் பதிவுகள் நிறையப் பேரை இழுத்தால் விளம்பர வருமானத்தில் பங்கும் தரத் தொடங்கினார்கள். கலகமூட்டினால் காசு வருமென்றால் கலகமூட்டுவோர் குறைவார்களா?

எங்களுள் ஒருத்தியின் தந்தை வீட்டோடு சில மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர். வெளிமாநில வியாபாரி என்று குறி போட்ட ஒரு கணக்கை நம்பி, மாதிரித் துணிகளையும் ஒரு கட்டு பனியனையும் அனுப்பினார். பணமும் வரவில்லை, சில நாளில் கணக்கும் இல்லை. அதே தந்தைக்கு, தைத்த ஆடைகளின் படத்தைப் பார்த்துக் கேட்டு வந்த நல்ல வாடிக்கையாளரும் உண்டு. ஆகவே இத்தளங்களில் வாய்ப்பு இல்லை என்று அவர் சொல்வதில்லை. "ஆளைப் பாக்காம கடன் குடுக்கப்படாதுன்னு எங்கய்யன் சொன்னது இங்கயுந்தான்" என்கிறார்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 2020-இல் நம் நாட்டிலேயே 'கூ' என்ற குறும்பதிவுத் தளம் தோன்றியது. தமிழிலும் எழுத வசதி இருந்தது. 2024 ஜூலையில் அதை மூடுவதாக அறிவித்தார்கள். அதில் ஆள் சேர்த்தவர்களின் உழைப்பு அதோடு போயிற்று. தன் வாடிக்கையாளர் முழுவதையும் பிறர் தளத்தில் மட்டும் வைத்திருப்பது வாடகை வீட்டில் கிணறு வெட்டுவது போன்றதாகும். முகவரியும் தொலைபேசி எண்ணும் நம் நோட்டில் இருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

"இத்தனை தொல்லை எதற்கு? கைபேசியைப் பூட்டி வைத்துவிட்டால் போயிற்று" என்று பெற்றோர் சிலர் சொல்வதுண்டு. பள்ளிக்குள் கைபேசி கூடாது என்ற விதியை நாங்களும் ஏற்கிறோம். ஆனால் பூட்டு மட்டும் மருந்தாகாது என்பதைப் பணிவோடு சொல்ல விரும்புகிறோம். 2023-இல் பாட்டியைக் கலங்க வைத்த பதிவுகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள் அல்லர், பெரியவர்கள்தாம். நல்லவர்கள் எல்லாம் சந்தையை விட்டு வெளியேறினால் சந்தை மூடப்படுவதில்லை; மற்றவர்கள் கையில் போகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தார் 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபதிவாகும் வாய்ப்பு 70 சதவீதம் மிகுதி. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்குப் பொய்யைப் போல ஆறு மடங்கு நேரம் பிடிக்கிறது. இவற்றைவிட எங்களைச் சிந்திக்க வைத்தது அவர்கள் கண்ட வேறொன்று. தாமே இயங்கும் பொறிக் கணக்குகள் பொய்யையும் மெய்யையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் பரப்பின. பொய்யைக் கூடுதலாகப் பரப்பியவர்கள் நம்மைப் போன்ற மனிதர்களே. புதுமையாக இருந்ததால் பரப்பினார்கள் என்பது ஆராய்ந்தவர்கள் கருத்து. அப்படியானால் திருத்தமும் மனிதரிடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நம் ஊரில் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரு செக்கிங் டேபிள் இருக்கிறது. அங்கே நிற்கும் அக்காமார் ஒரு பீஸை எடுத்து, தையலைத் தடவி, உள்ளே திருப்பி, ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, அளவு சரியா என்று பார்க்கின்றனர். சந்தேகமானால் தனியே ஒதுக்குகின்றனர். ஒதுக்கியதற்காக அவரை யாரும் மந்தமானவர் என்று சொல்வதில்லை. அவர் அப்படி ஒதுக்குவதால்தான் நம் ஊர்ப் பனியன் கடல் தாண்டி விலை போகிறது.

நம் கைபேசிக்கும் அப்படி ஒரு செக்கிங் டேபிள் வேண்டும். ஒரு பதிவு வந்தால் நாம் கேட்க வேண்டியவை நான்கு. இது எங்கே நடந்தது? எப்போது நடந்தது? சொல்பவர் யார், அவர் நேரில் கண்டாரா? இதை நான் அனுப்பினால் யார் வீட்டில் விளக்கு அணையும்? நான்கில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டாலும் அதை ஒதுக்கி வைக்க வேண்டும். தவறாக அனுப்பிவிட்டோம் என்று தெரிந்தால், யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்களுக்கெல்லாம் 'நான் அனுப்பியது தவறு' என்று எழுத வேண்டும். வெட்கமாகத்தான் இருக்கும். நாங்கள் எழுதினோம், அத்தை வீட்டுக்கும் எழுதினோம், மாமா வீட்டுக்கும் எழுதினோம். இரண்டு மாதம் தாமதமாக எழுதினோம் என்பதே எங்கள் வருத்தம்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தமிழ் படிப்பவர்களுக்கு ஓர் ஊரும் இந்தி படிப்பவர்களுக்கு வேறோர் ஊரும் காட்டப்பட்டபோது, இரண்டு மொழியும் அறிந்தவர்களே ஊரை மீண்டும் ஒன்றாக்கினார்கள். எங்கள் தோழி இன்று எங்களைவிட நன்றாகக் கொங்குத் தமிழ் பேசுகிறாள். பக்கத்து வரிசை வீட்டில் வந்து குடியிருப்போரின் மொழியில் 'நலமா?' என்று கேட்கும் அளவுக்காவது நாமும் கற்றுக்கொண்டால் என்ன? பக்கத்து வீட்டுக்காரரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவரிடம் அவரைப் பற்றிய பொய் எளிதில் விலை போகாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது பழமொழி. நம் முன்னோர் அதைச் சொன்னபோது கைபேசி இல்லை. கண்ணுக்குக் காட்டுவதும் காதுக்குக் கேட்பிப்பதும் ஒரே கருவியில் வந்துவிட்ட இந்நாளில் விசாரிக்கும் வேலை மட்டும் நம்மிடமே இருக்கிறது. அதை விட்டுவிடாதிருப்போம். தோழியரே! இனி ஒரு செய்தியை அனுப்ப விரல் நீளும்போது, செக்கிங் டேபிளில் நிற்கும் நம் தாய்மாரை ஒருகணம் நினைப்போமாக. ஒரு பீஸைத் திருப்பிப் பார்க்கும் நேரம் போதும். அந்த நேரத்தை நம் ஊருக்காகக் கொடுப்போமாக!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்